ஐந்தரை அடி கேற், ஆறே முக்கால் அடி கரவன்

1

இதுவரை நான் எழுதிய குறிப்புகளின் அடியில் ‘மெல்பேர்னிலிருந்து’ என்று ஒரு வரி இருக்கும். இந்த முறை அதை எடுத்துவிடும்படி பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கடைசி மூன்று குறிப்புகளிலும் அது பொய்.

போன குறிப்பில், காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டும்போது விரல் மரத்துப்போவதைப் பற்றி எழுதியிருந்தேன். பலர் பாராட்டினீர்கள். அதை எழுதும்போது நான் கொழும்பு வெள்ளவத்தையில், அம்மாவின் தொடர்மாடிப் பிளட்டில், முழு வேகத்தில் சுற்றிய மின்விசிறிக்குக் கீழே, சாரம் கட்டிக்கொண்டு இருந்தேன். உங்களில் சிலர் அதை வாசித்த கதிரையிலிருந்து நான் இரண்டு ஒழுங்கைதான் தள்ளி இருந்திருப்பேன். மன்னிக்க வேண்டும். பனி உண்மை. விரல் மரத்ததும் உண்மை. அது போன வருடத்து விரல், அவ்வளவுதான்.

மூன்று கிழமை விடுமுறை என்று சொல்லிக்கொண்டு வந்தவன் ஏழு மாதமாக இங்கே இருக்கிறேன். மெல்பேர்னின் வடக்குப் பக்கத்தில், கரவன் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் வரைவது என் வேலையாக இருந்தது. கரவன் என்றால் காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப்போகும் சின்ன வீடு. படுக்கை, அடுப்பு, அலுமாரி எல்லாவற்றையும் ஒரு லொறிப் பெட்டி அளவுக்குள் அடக்க வேண்டும். ஆட்குறைப்பில் என் மேசை போனது. மேசையோடு விசாவும் போனது. வேறொரு விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டு இங்கே வந்து காத்திருக்கிறேன்.

தினமும் பல்லுத் துலக்க முதல் அந்த இணையப் பக்கத்தைத் திறப்பேன். ‘மேலதிக பரிசீலனையில் உள்ளது.’ ஏழு மாதத்தில் ஒரு எழுத்து மாறவில்லை. விண்ணப்பத்தில் ‘வழமையாக வசிக்கும் நாடு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவுஸ்திரேலியா என்று அடித்தேன். அடித்த இடம், அம்மா காயப்போட்ட உடுப்புகளுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கதிரை.

2

வெளிநாட்டிலிருந்து வந்தவனிடம் வெள்ளவத்தையில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எப்ப வந்தனீங்கள்? எப்ப போறீங்கள்? லிப்டில், மரக்கறிக் கடையில், கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போது, எங்கேயும். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்பது போலத்தான். ஆனால் சாப்பிடாதவனுக்கு அந்தக் கேள்வி எப்படி இருக்கும்?

முதல் மாதம் நான் பதில் சொன்னேன். பிறகு அம்மா எடுத்துக்கொண்டார். யாராவது வாயைத் திறக்க முதலே அம்மாவின் பதில் வந்துவிடும்.

“அடுத்த மாசம்.”

அம்மா பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவர். அரைப் புள்ளியைக்கூடச் சும்மா போடமாட்டார். இந்த ஒரு கணக்குக்கு மட்டும் ஏழு மாதமாக ஒரே விடை.

போகிறவனிடம் பார்சல் வரும். இது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்களில் பலர் தந்ததுதான். என் அறையில் இப்போது உள்ளவை: வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒன்பது பை, எல்லாமே மூன்று பொலித்தீன் போட்டு ஒட்டும் ரேப் சுற்றியவை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. ஒரு குழந்தைக்குக் கழுத்தில் போடும் பஞ்சாயுதம். அளவு பிளவுஸ் வைத்துத் தைத்த நான்கு பிளவுஸ்கள். ஒருவருடைய பல்லு செட். கட்டிலின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பார்சல். எழும்புவதென்றால் கால்மாட்டால் ஊர்ந்துதான் இறங்க வேண்டும்.

ஒவ்வொன்றையும் வாங்கும்போது, விசா நாளைக்கு வந்துவிடும், கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன். வாங்காமல் விட்டால் ஏன் என்று சொல்ல வேண்டி வரும்.

எல்லாவற்றிலும் பாரமானது ஒரு சிவப்புத் துணிப்பை. மூன்றாம் மாடி சரோ அன்ரி தந்தது. சரோ அன்ரிதான் எங்கள் தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர். தண்ணீர் மோட்டரிலிருந்து மொட்டைமாடிக் கொடிக் கயிறு வரை அவருடைய ஆட்சி. அவருடைய பேத்திக்கு மெல்பேர்னில் அரங்கேற்றம். அதற்கான சலங்கை.

“தம்பி, இதைச் சூட்கேசுக்குள்ள போடாதையும். கையோட கொண்டு போம். சாமிக்கு முன்னால வைச்சு எடுத்தது.”

“ஓம் அன்ரி.”

“அடுத்த மாசம்தானே?”

அம்மா சொன்னார். “அடுத்த மாசம்தான்.”

அது நடந்து இரண்டு மாதம். அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பை கொஞ்சம் குலுங்கும். சேட்டு எடுக்கக்கூடப் பயந்து, துவைத்ததை மடிக்காமல் கதிரையிலிருந்தே எடுத்துப் போடத் தொடங்கினேன்.

3

கேள்வி கேட்காத இடமாகப் பார்த்து நடக்கத் தொடங்கினேன். கரையோர ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு. அங்கே என்னை ஒருவருக்கும் தெரியாது.

ஒரு நாள் அங்கே ஒரு ஒழுங்கையில், மதிலுக்கு மேலாக ஒரு கூரை தெரிந்தது. கூரையின் நடுவில் இன்னொரு சின்னக் கூரை. அதன் இரண்டு பக்கமும் தபாலட்டை அளவில் கண்ணாடிகள். நின்றுவிட்டேன். அப்படிப்பட்ட கூரையை எங்கள் தொழிற்சாலையின் வரவேற்பறையில், கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அறுபது வருடத்துக்கு முந்திய இங்கிலாந்துக் கரவன். கொட்டாஞ்சேனையில், ஒரு முருங்கை மரத்துக்குக் கீழே!

கேற்றடிக்கு ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் மீன் வெட்டும் கத்தி.

“யாரத் தேடுறீங்க?”

“இல்லை அக்கா... அந்தக் கரவன்...”

“ஓ, அதுவா. வாங்க. பாத்துட்டுப் போங்க. எல்லாரும் பாத்துட்டுத்தான் போறாங்க.”

அவர் பெயர் பிலோமினா. அவருடைய மாமனார் துறைமுகத்தில் வேலை செய்தவர். அங்கே வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார என்ஜினியர், திரும்பிப் போகும்போது விட்டுப்போன கரவன் அது. ஒரு காலத்தில் பிலோமினா அக்காவின் மகள் அதற்குள் இருந்து சோதனைக்குப் படித்தாளாம். இப்போது மகள் இத்தாலியில். கரவனுக்குள் நத்தாருக்கு யேசு பிறந்த காட்சியாகக் கட்டும் பாலன் குடில் சாமான்கள். கட்டிலில் மூன்று களிமண் ஒட்டகங்கள் படுத்திருந்தன. ஒன்றுக்குக் கால் இல்லை.

என் சாவிக்கொத்தில் ஒரு சின்ன ஸ்குரூட்ரைவர் எப்போதும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு தரையில் படுத்துவிட்டேன். கீழ்ச் சட்டத்து மரத்தில் குத்தினால் ஊறிய பிஸ்கட்டுக்குள் போவது போலப் போனது. கூரைப் பொருத்தில் ஒழுக்கு. கழுவும் தொட்டிக்குக் கீழே தரைப்பலகை இல்லை, மண் தெரிந்தது. கதவின் கைபிடி இல்லை. ஆனால் அடியில் இரும்புச் சட்டகம் மேலோட்டமாகத்தான் துருப்பிடித்திருந்தது. அலுமினியத் தகடுகள் நல்லம். மேலே அந்தச் சின்னக் கண்ணாடிகளில் ஒன்றுகூட உடையவில்லை. அவற்றினூடாக வெளிச்சம் ஒட்டகங்களின் முதுகில் வரிசையாக விழுந்திருந்தது.

ஏழு மாதத்தில் முதல் தடவையாக, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனை எடுத்துப் பார்க்க மறந்திருந்தேன்.

“அக்கா, இதை விப்பீங்களா?”

“விக்கிறதுதான். அந்த இடத்துல ஒரு ரூம் போட்டா வாடகைக்குக் குடுக்கலாம்.” மேலும் கீழும் பார்த்தார். “நீங்க எந்த நாடு?”

“நான் வெள்ளவத்தை அக்கா.”

“வெள்ளவத்தன்னா பாதிப்பேரு வெளிநாடுதானே. அந்தச் சப்பாத்து இங்க வாங்குனதில்ல. வெளிநாட்டு ஆளுங்களுக்குக் குடுக்குறதில்ல தம்பி, கோவிக்காதீங்க.”

ஏன் என்று கேட்டேன். ஜெர்மனியிலிருந்து வந்த ஒருவர் போன வருடம் இதை வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். மிகவும் ஆர்வமாம். வந்து இரண்டு நாளில் சக்கரங்களைக் கழற்றி, கதவின் கைபிடியைக் கழற்றி, இதே மாதிரி அங்கே தேடி வாங்கி வருகிறேன் என்று கைபிடியைப் பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

“கைபிடியும் இல்ல, ஆளும் இல்ல. நீங்க லீவுக்கு வருவீங்க, பிரிச்சுப் போடுவீங்க, போயிருவீங்க. கெடக்குறது எங்க முற்றத்துல.”

எனக்குச் சுட்டது. மெல்பேர்னிலிருந்து வந்த முதல் கிழமை அம்மாவின் குளியலறை ஹீட்டரைத் திருத்தப் பிரித்தவன் நான். அது இன்னும் ஒரு வாளிக்குள் கிடக்கிறது.

அடுத்த நாள் அளவுநாடாவோடு மறுபடியும் போனேன். அளக்கத்தானே அக்கா, வாங்க இல்லையே என்றேன். நீளம், உயரம், சட்டகம், ஜன்னல், ஒவ்வொன்றாக இரண்டு மணித்தியாலம் அளந்து கொப்பியில் வரைந்தேன். அகலம் ஆறே முக்கால் அடி. சந்தோஷமாக வெளியே வந்து, கேற்றைச் சாத்தத் திரும்பியபோதுதான் பார்த்தேன். தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை செய்த மேதாவி இதை முதலில் அளந்திருக்க வேண்டும்.

கேற் ஐந்தரை அடி.

“அக்கா, இது எப்பிடி உள்ள வந்தது?”

“வரும்போது மதில் இல்லையே. பொறகுதான் கட்டுனோம், ரெண்டு பக்கமும் வீடு வந்திச்சி.”

“கட்டேக்குள்ள இதை ஒருத்தரும் யோசிக்கேல்லையா?”

“என்னாத்துக்கு? அது உள்ளதானே நின்னிச்சி. எங்க போகப் போகுதுன்னு நெனச்சோம்.”

4

ரயிலில் வரும்போது கொப்பியில் போட்டுப் பார்த்தேன். மதிலை இடிக்க முடியாது. தூக்குவதற்கு ஒழுங்கைக்குள் கிரேன் வராது. ஒரே வழி, பிரிப்பது. தகடுகளைக் கழற்றி, மரச் சட்டத்தைப் பகுதி பகுதியாக எடுத்து, கடைசியில் இரும்புச் சட்டகத்தைப் பக்கவாட்டில் நிமிர்த்தினால் கேற்றுக்குள்ளால் வரும். உக்கின மரத்தை எப்படியும் கழற்றத்தான் வேண்டும். கொண்டுவந்து வைக்க, எங்கள் தொடர்மாடிக்குக் கீழே அம்மாவுக்கென்று ஒரு கார் நிறுத்துமிடம் இருக்கிறது. அம்மாவிடம் கார் இல்லை.

ஆனால் பிரிக்க ஒரு மாதம். திருத்தவும் திரும்பச் சேர்த்துப் பூட்டவும் ஆறு, எட்டு மாதம். இதை ‘அடுத்த மாசம்’ போகிறவன் செய்ய முடியாது.

மூன்று நாள் கழித்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு விசரே நிரோ? அதை எங்க கொண்டு போகப்போறாய்?”

“எங்கயும் போகலாம். திருகோணமலை, நுவரெலியா...”

“இழுக்கக் கார் ஆர் தாறது?”

அதை யோசிக்கவில்லை.

“சரி, நாளைக்கு விசா வந்தா?”

அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று இரவாக. விசா வந்தால் போக விருப்பமா என்று இந்த ஏழு மாதத்தில் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அங்கே காலையில் கண்ணாடி சுரண்டிய ஒரு பழைய கார், ஒரு வாடகை அறை, கராஜில் நான் விட்டுவந்த இரண்டு பெட்டி. அவை என்னைக் கூப்பிடுகின்றனவா, அல்லது திரும்பிப் போகாதவன் தோற்றவன் என்ற பேச்சு என்னைத் தள்ளுகிறதா? தெரியவில்லை. அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் ஒரு அறை முழுக்கப் பிறருடைய மிளகாய்த்தூளோடு இருப்பது மட்டும் தெரிந்தது.

“அதைக் கீழ கொண்டுவந்து வைச்சா எல்லாருக்கும் தெரிஞ்சு போம்” என்றார் அம்மா. பயற்றங்காயைப் பார்த்தபடியே.

“என்ன தெரியும்?”

அம்மா முறித்ததையே மறுபடி முறித்தார்.

5

பிலோமினா அக்காவிடம் மூன்றாம் முறை போய், நான் போகமாட்டேன் என்றேன். சிரித்தார்.

“ஜெர்மன்காரரும் அப்பிடித்தான் சொன்னாரு. உங்க அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவங்க சொல்லட்டும்.”

பெண் பார்க்கப் போவது போல, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மா கைத்தறிச் சேலை கட்டி, ஒரு கேக் பெட்டியோடு கொட்டாஞ்சேனைக்கு வந்தார். கரவனைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். “ஒட்டகத்துக்கும் விலையோ?” என்று என் காதுக்குள் கேட்டார். பிலோமினா அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். மகள்கள், மகன்கள், இத்தாலி, சாமான் விலை எல்லாம் கதைத்தார்கள். நல்லாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

“அப்போ, தம்பி எப்ப போறாரு?”

“அடுத்த மாசம்” என்றார் அம்மா.

யோசித்துச் சொன்னதல்ல. தும்மல் போல வந்தது. ஏழு மாதப் பழக்கம். கோப்பை அம்மாவின் வாய்க்குக் கிட்ட அப்படியே நின்றுவிட்டது. பிலோமினா அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கேக் பெட்டியை மூடி, மெல்ல அம்மாவின் பக்கம் தள்ளினார்.

“பரவால்ல. கேட்டது நல்லதாப் போச்சி.”

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். வகுப்பில் நிறுத்துவது போல.

“இல்லை. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்.” கோப்பையைக் கீழே வைத்தார். “அவன் போகேல்லை. வேலை போயிட்டுது. விசாவும் இல்லை. ஏழு மாசமா என்னோடதான் இருக்கிறான். ஆர் கேட்டாலும் அடுத்த மாசம் எண்டு சொல்லிச் சொல்லி, வாய் தன்பாட்டில சொல்லுது.”

அம்மா அதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டுக்குள்ளேயே சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒருவருடைய முற்றத்தில், காலில்லாத ஒட்டகத்துக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார்.

பிலோமினா அக்கா தன் கோப்பையையும் கீழே வைத்தார்.

“எம் மவளும் அங்க வேல போயி மூணு மாசம் எங்கிட்ட சொல்லல்ல” என்றார். “போட்டோ மட்டும் அனுப்புவா. சிரிச்சிக்கிட்டு.”

பிறகு எழும்பிப் போய் ஒரு அப்பியாசக் கொப்பித் தாள் கொண்டுவந்தார். பிரித்ததைப் பூட்டி முடிக்கும்வரை நாட்டை விட்டுப் போகமாட்டேன் என்று என்னை எழுதச் சொன்னார். எழுதினேன். விசா வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று பேனை நின்றது. சேர்க்கவில்லை. அம்மா சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். ரிப்போட் புத்தகத்தில் போடுகிற அதே கையெழுத்து. பிலோமினா அக்கா கேக் பெட்டியைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

6

கார் நிறுத்துமிடத்தில் கார் தவிர வேறு எதை வைப்பதென்றாலும் சங்கச் செயலாளரின் அனுமதி வேண்டும். அதாவது சரோ அன்ரி. கடிதத்தை ஒரு கையிலும் சிவப்புப் பையை மறுகையிலும் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் படியால் இறங்கினேன். ஒவ்வொரு படிக்கும் சலங்கை சத்தம் போட்டது. கதவைத் தட்ட முதலே திறந்துவிட்டார்.

பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

“போகேல்லையோ?”

“இல்லை அன்ரி. விசா வரேல்லை. முதலே சொல்லியிருக்க வேணும்.”

“எப்ப தெரியும் உமக்கு?”

“நீங்கள் தரேக்குள்ளயே.”

அன்ரி திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். பையை வாங்கி, அவிழ்த்து, ஒவ்வொரு வரிசை மணியாக விரலால் தடவிப் பார்த்தார்.

“பிள்ளை இரவல் சலங்கையோட ரெண்டு மாசமா ஆடிப் பழகுது. நான் ஒவ்வொரு கிழமையும் சொல்லுறன், நிரோ அண்ணா கொண்டு வாறார், நிரோ அண்ணா கொண்டு வாறார் எண்டு. அதுக்கு என்னிலதான் கோவம். பாட்டி லையர் எண்டு சொல்லுது. அதைமட்டும் இங்கிலிசில.”

அரங்கேற்றத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். கூரியரில் போட்டால் போய்ச் சேரும், நானே இப்போது கொண்டுபோய்ப் போடுகிறேன் என்றேன்.

“உம்மட கையில இன்னொருக்காத் தரமாட்டன்” என்று சொல்லி, தானே சேலையை மாற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். லிப்ட் வரும்வரை கடிதத்தை வாசித்தார். பிரித்த கரவன் சாமான்கள், தொடர்மாடி, கீழ்த்தளம், விண்ணப்பதாரர் பெயர்.

“இது விசிற்றருக்குக் குடுக்கேலாது. குடியிருக்கிற ஆக்களுக்குத்தான்.”

“தெரியும் அன்ரி. அதுதான் கீழ என்ர பெயரை எழுதியிருக்கிறன்.”

கைப்பையில் பேனை தேடிக் கையெழுத்துப் போட்டார். சந்தோஷமாகப் போடவில்லை. லிப்டுக்குள் ஏறினார்.

“அன்ரி, நீங்கள் மகளுக்கெண்டு தந்த மிளகாய்த்தூளும் இருக்கு. அதையும் எடுத்து வரட்டே?”

கதவு சாத்தத் தொடங்கியது. அன்ரி கையை வைத்து நிறுத்தினார்.

“அதை நீரே வைச்சிரும். இஞ்சை இருக்கிற ஆளும் சாப்பிடத்தானே வேணும்.”

இந்தக் குறிப்பை எழுதும் இன்று காலையும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ‘மேலதிக பரிசீலனையில் உள்ளது.’ அது மாறினால் என்ன செய்வேன் என்று இப்போதும் தெரியாது. பிலோமினா அக்காவிடம் ஒரு தாள் இருக்கிறது. கொட்டாஞ்சேனை முற்றத்தில் இதுவரை நாற்பத்தொரு தகடு கழன்றிருக்கிறது. கீழ்த்தளத்தின் உயரத்தை இந்த முறை முதலே அளந்துவிட்டேன். ஏழு அடிதான். கரவன் எட்டு. கூரையை வீதியில் வைத்துத்தான் பூட்ட வேண்டும்.

ஆகவே, மெல்பேர்னுக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் பார்சல் தந்தவர்கள், தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிளவுஸ்கள் கசங்கவில்லை. பல்லு செட் பத்திரம். ஐந்தாம் மாடி, லிப்டால் வெளியே வந்ததும் இடது பக்கக் கதவு. நான் வீட்டில்தான் இருப்பேன்.